உங்களுக்குத் தெரியுமா? முதல் பந்து நம்ம பக்கத்து ஆள் வீசியது!

கூட்டேரிப்பட்டில் சென்னை பஸ் ஏறினால் வழியில் செங்கல்பட்டு மாவட்டத்தைக் கடக்கிறோம். அங்கே மொறப்பாக்கம் என்ற கிராமத்தில் பிறந்தவர் எம்.ஜே. கோபாலன். ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் அவர்தான்! நாள்: 1934 நவம்பர் 4. இடம்: சேப்பாக்கம். மைசூருக்கு எதிரான அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. சென்னை அணியின் ஏ.ஜி. ராம்சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் சாய்த்தார்.

கோபாலன் இந்தியாவுக்காகக் கிரிக்கெட், ஹாக்கி இரண்டும் ஆடியவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கை விட்டு, கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து போனார். ஹாக்கி அணி தங்கம் வென்றது. இவருக்கோ இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. நினைத்தாலே மனசு வலிக்கிறது.

கோபாலன் அந்த முதல் பந்தை வீசிய, 1916இல் உருவான சேப்பாக்கம் மைதானத்தில்தான் 1952இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது; வினு மன்கட் 12 விக்கெட் எடுத்தார். மும்பை வாங்கடே மைதானத்தில் கவாஸ்கர், டெண்டுல்கர் பெயர்களில் கேலரிகள் இருக்கின்றன. அதேபோல சேப்பாக்கத்துக் கேலரிகளில் ஒன்று கோபாலன் பெயரைத் தாங்கட்டும்.