கரமனை வீட்டுக்கு ஒரு நிகர பூஜ்யக் கணக்கு

தென்மேற்குப் பருவத்தின் இடவப்பாதி மழை திருவனந்தபுரம் கரமனை அக்ரகாரத்தில் இறங்கினால் எங்கள் தெரு மாமி ஒருவர் இறவாரத்துக்குக் கீழே 2 குடம் வைப்பார். "மழைத் தண்ணில சோப்பு என்னமா நுரைக்கறது பாரு" என்பார். மழைநீர் மென்னீர் என்று பாடம் படிக்காமலே கண்டறிந்தவர். ஒரு நாள் அவர் குடம் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனசுக்குள் கணக்குப் போட்டேன். வீடு 5 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுக்கூரையின் தெருப்பக்கச் சரிவு மட்டும் 50 சதுர மீட்டரை மூடும். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன்மேல் விழுவது 500 லிட்டர். தெறிப்பு, நனைப்பு என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 400 லிட்டர் நிற்கும். 15 லிட்டர் குடத்தில் 26 குடம். நிறைந்தது 2. மிச்சம் 24-ம் ஓடை வழியே ஆற்றுக்குப் போய்விட்டது.

இந்தக் கணக்கை நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு மாணவர் போட்டி. பெயர் சோலார் டெகாத்லான். 2002-ல் அமெரிக்க எரிசக்தித் துறை வாஷிங்டன் நகரின் நேஷனல் மால் புல்வெளிக்கு 14 பல்கலைக்கழக அணிகளை அழைத்து, வெயிலைக் கொண்டே இயங்கும் வீடுகளை எழுப்ப வைத்தது. முதல் பரிசு கொலராடோ பல்கலைக்கழகத்துக்கு, 2005-லும் அவர்களுக்கே. 2007, 2009 இரண்டு முறையும் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வென்றது. 2014-ல் பிரான்சின் வெர்சாய் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டிக்கு மும்பை ஐஐடி மாணவர்கள் 'டீம் ஷூன்யா' என்ற பெயரில் போனார்கள். ஷூன்யம் என்றால் பூஜ்யம். வீடு செலவழிப்பதும் வீடு விளைவிப்பதும் சமமாகி, மீதி பூஜ்யமாக வேண்டும் என்பதே அந்தப் பெயரின் பொருள்.

2020–21 முதல் சோலார் டெகாத்லான் இந்தியா நடக்கிறது. இந்தியன் இன்ஸ்டிடியூட் ஃபார் ஹியூமன் செட்டில்மென்ட்ஸ் நிறுவனமும், அலையன்ஸ் ஃபார் அன் எனர்ஜி எஃபிஷியண்ட் எகானமி அமைப்பும் சேர்ந்து நடத்துகின்றன. கட்டடக்கலை மாணவரும் பொறியியல் மாணவரும் ஒரே அணியில் உட்கார்ந்து, நிஜமான கட்டுமானத் திட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு, மின்சாரத்திலும் தண்ணீரிலும் நிகர பூஜ்யமாகும்படி வடிவமைக்க வேண்டும். மதிப்பீடு 10 தலைப்புகளில். மின்சாரம், தண்ணீர், கட்டுபடியாகும் விலை, இடர் தாங்கும் திறன் எல்லாம் அதில் உண்டு. நம் நாட்டு மாணவர் போட்டிகளில் நான் மனதார மதிப்பது இதைத்தான். தண்ணீரையும் கணக்கில் சேர்த்தது பெரிய காரியம்.

போட்டி விதி ஊருக்கு ஊர் மாறத்தான் வேண்டும். 2011 அமெரிக்கப் போட்டியில் வீட்டுக்குள் வெப்பம் 71 முதல் 76 ஃபாரன்ஹீட் வரை, அதாவது 21.7 முதல் 24.4 செல்சியஸ் வரை, இருந்தால்தான் முழு மதிப்பெண். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும். இந்த விதியைக் கரமனைக்குக் கொண்டுவந்தால் வருஷம் முழுக்க ஏசி ஓடவேண்டியதுதான். இங்கே பிற்பகலில்கூட ஈரப்பதம் பெரும்பாலும் 60-ஐத் தாண்டி நிற்கும். இந்தியக் கட்டடங்களில் ஆய்வு செய்து உருவாக்கிய தகவமைப்பு வசதி முறை வேறு விதம் சொல்கிறது. 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பில் அது இடம்பெற்றது. காற்றோட்டமுள்ள கட்டடத்துக்கு அதன் கணக்கு இது: வெளிவெப்பச் சராசரியை 0.54-ஆல் பெருக்கி 12.83-ஐக் கூட்டு, அதற்கு மேலும் கீழும் 2.38 டிகிரி தள்ளிக்கொள். வெளியே சராசரி 28 என்றால் நடுப்புள்ளி 27.95. ஆக, 25.6-லிருந்து 30.3 வரை இங்கே உள்ளவர்களுக்கு சுகமே. அங்கே 24.4 உச்சம், இங்கே 30.3 உச்சம். இந்த 6 டிகிரியில்தான் ஏசியா ஃபேனா என்பது தீர்மானமாகிறது.

அக்ரகார வீட்டுக்கு இன்னொரு சொத்து, பக்கச் சுவர். 5-க்கு 20 மீட்டர் வீடு தனியாக நின்றால் சுற்றளவு 50 மீட்டர். 4 மீட்டர் உயரத்துக்கு 200 சதுர மீட்டர் சுவர் வெயில் வாங்கும். வரிசையில் நிற்கும்போது இரண்டு பக்கமும் அடுத்த வீடு. வெயில் படுவது முன்னும் பின்னும் 40 சதுர மீட்டர் மட்டும். ஐந்தில் நாலு பங்கு மிச்சம், அதுவும் காசு செலவில்லாமல். மிஞ்சும் எதிரி கூரை ஒன்றுதான். ஓட்டுக்கும் மச்சுக்கும் நடுவே இருக்கும் காற்று அதையும் ஓரளவு தாங்கிவிடுகிறது. புதிதாக வரையப்படும் திட்டங்களில் இந்தச் சேர்ந்த சுவரை நான் அதிகம் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

மின்சாரத்துக்கு வருவோம். 4 பேர் உள்ள வீடு மாதம் 250 யூனிட் எரிக்கிறது என்று வைத்தால் வருஷத்துக்கு 3,000. கூரையில் 1 கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் தரும். 2 கிலோவாட் போட்டால் வருஷம் 2,920. 80 யூனிட் குறைகிறது. அதனால் 3 கிலோவாட் போடத் தோன்றும். 2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தின் அடிப்படை விலையில் 3 கிலோவாட்டுக்கு 1,45,000 ரூபாய், மானியம் 78,000, கையிலிருந்து 67,000.

இப்போது விதானத்தைப் பாருங்கள். 4 பழைய ஃபேன், ஒன்று 75 வாட், நாளுக்கு 10 மணி நேரம்: 3 யூனிட். அதையே 28 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் 1.12. நாளுக்கு 1.88 மிச்சம், வருஷத்துக்கு 686 யூனிட். வீட்டின் தேவை 3,000-லிருந்து 2,314-க்கு இறங்கிவிட்டது. இனி 2 கிலோவாட்டே போதும், 600 யூனிட் மிஞ்சவும் செய்யும். 2 கிலோவாட் அடிப்படை விலை 1,00,000, மானியம் 60,000, கையிலிருந்து 40,000. ஃபேன் ஒன்றுக்கு 3,000 வீதம் 12,000. மொத்தம் 52,000. முதல் வழியைவிட 15,000 குறைவு. யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்தாலும் ஃபேன் போட்ட காசு 3 வருஷத்தில் திரும்புகிறது. தகடு வாங்கக் கடைக்குப் போகுமுன் ஃபேனை மாற்றச் சொல்லும் அணிக்குத்தான் நான் முதல் மதிப்பெண் போடுவேன்.

தகட்டைச் சாய்ப்பதிலும் ஊர் பேசும். வாஷிங்டன் 39-வது அட்சரேகையில். திருவனந்தபுரம் 8.5-ல். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் இங்கே உச்சிவெயில் தலைக்கு நேரே நிற்கும். ஆகவே 10 டிகிரி சாய்வு போதும். வடக்கே பார்த்த சரிவுகூட வீண்போகாது.

தண்ணீர்க் கணக்கு இவ்வளவு சுலபமாக முடியாது. மனமூன்றி நிற்கவேண்டிய இடமும் இதுதான். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டு அளவுகோல்: குடிக்க 5, சமைக்க 5, குளிக்க 55, துணி துவைக்க 20, பாத்திரம் கழுவ 10, வீடு கழுவ 10, கழிப்பறைக்கு 30. 4 பேருக்கு 540. வருஷத்துக்கு 1,97,100 லிட்டர். திருவனந்தபுரத்தில் வருஷ மழை சுமார் 1,800 மில்லிமீட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் ஐந்தில் நாலு பங்கு பிடித்தால் 1,44,000 லிட்டர். குடத்தில் சொன்னால் 9,600. பற்றாக்குறை 53,100.

குளித்த தண்ணீரை வடிகட்டிக் கழிப்பறைக்கு விட்டால் ஆளுக்கு 30 லிட்டர் குறையும். தேவை 1,53,300 ஆகிறது. பற்றாக்குறை 9,300-க்குச் சுருங்குகிறது. குளிக்கும்போது ஆளுக்கு அரை வாளி, 10 லிட்டர், குறைத்தால் இன்னும் 14,600 மிச்சம். இப்போது 5,300 லிட்டர் உபரி! காகிதத்தில் நிகர பூஜ்யம் வந்துவிட்டது. அணி கைதட்டு வாங்கலாம்.

ஆனால் மழை மாதச் சம்பளம்போல வராது. ஜூனில் மட்டும் 300 மில்லிமீட்டரைத் தாண்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையான துலாவர்ஷம் மறுபடி கொட்டும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றையும் கூட்டினால் 100 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் நிற்கும். அந்த 90 நாளில் கூரை தருவது 8,000 லிட்டர். ஆளுக்கு 95 லிட்டர் என்ற சிக்கனத்திலும் வீடு கேட்பது 34,200. குறைவது 26,200 லிட்டர். 1,000 லிட்டர் கறுப்புத் தொட்டி 26-க்கு மேல் வேண்டும். 5 மீட்டர் அகல வீட்டில் அவற்றை எங்கே வைப்பது?

மின்சாரத்துக்கு வாரியத்தின் கம்பி இருக்கிறது. பகலில் கொடுத்து இரவில் வாங்கலாம். மழைக்கு அப்படி ஒரு கம்பி கிடையாது. கரமனையில் அந்த வேலையைச் செய்ய வல்லது பின்கட்டுக் கிணறு. கூரைப் பாத்தியிலிருந்து குழாயை இறக்கி, மழையின் முதல் 1 மில்லிமீட்டரை, அதாவது 100 லிட்டரை, வெளியே விட்டு, மணலும் சரளையும் கரியும் போட்ட தொட்டி வழியாகக் கிணற்றுக்கு விட்டால், சுற்றியுள்ள மண் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு வீடு விட்ட தண்ணீர் ஒரு வீட்டுக் கிணற்றிலேயே நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக்கும் ஊறும். தெருவே சேர்ந்து செய்தால்தான் பலன். 40 வீடு உள்ள தெருவுக்கு வருஷம் 57,60,000 லிட்டர். தமிழ்நாடு 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது ஊர்ஊராகக் குழாய் இறங்கியது. அப்படியொரு வேகம் தெரு அளவில் இங்கே வேண்டும்.

கடைசியாக சிமெண்ட். ஓட்டைப் பிரித்துவிட்டு 100 சதுர மீட்டருக்கு 12 சென்டிமீட்டர் கான்கிரீட் போட்டால் 12 கன மீட்டர். கன மீட்டருக்கு 8 மூட்டை, ஆக 96 மூட்டை. சாதா சிமெண்ட் கிலோவுக்கு ஏறக்குறைய 0.9 கிலோ கரியமில வாயு. 50 கிலோ மூட்டைக்கு 45 கிலோ. மொத்தம் 4,320 கிலோ. கம்பியும் செங்கல்லும் இதில் சேரவில்லை. 2 கிலோவாட் தகடு வருஷத்துக்கு யூனிட்டுக்கு 0.7 கிலோ வீதம் தவிர்ப்பது 2,044 கிலோ. அந்த ஒரு தளத்தின் சிமெண்டை ஈடுகட்டவே தகடு 2 வருஷத்துக்கு மேல் உழைக்க வேண்டும். இதே நகரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், சுவருக்குள் வெற்றிடம் விட்டுச் செங்கல் அடுக்கும் எலிப்பொறிக் கட்டுமானத்தில் செங்கல்லை ஏறக்குறைய கால் பங்கு மிச்சம் பிடித்தார். தளத்தில் பழைய ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைத்தார். ஏற்கெனவே நிற்கும் சுவரும் ஓடும் அதைவிட மலிவு.

நிற்கும் வீட்டை அளந்து இப்படிக் கணக்குப் போடும் வேலைக்கு நேரம் வேண்டும். 2017-ல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் 6 பேர் 36 மணி நேரம் உட்காருகிறார்கள், 216 ஆள்மணி. மென்பொருளுக்கு அது சரி. தெருவின் மழையை அளக்க ஒரு இடவப்பாதியும் ஒரு துலாவர்ஷமும் வேண்டும். அதனால்தான் கல்வியாண்டு நீளப் போட்டியை நான் விரும்புகிறேன். நடத்துகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள்: வருஷக் கூட்டலோடு நிறுத்தாமல், தண்ணீருக்கு 12 மாதத்துக்கும் தனித்தனி வரவு, செலவு, இருப்பு கேளுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று வரிக்கு அதிக மதிப்பெண் வையுங்கள்.

1939-ல் தொடங்கிய திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரியிலும் பார்ட்டன் ஹில் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த போட்டிக்குப் புதுமனை தேடாதீர்கள். டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு கரமனைக்கு வாருங்கள். கிணற்று ஆழம் அளக்கக் கயிறு நான் தருகிறேன். மாமி இரண்டு குடத்தோடு இறவாரத்தில்தான் நிற்பார்.