டிராவலர்ஸ் செக்: ஸ்கேனருக்குப் பிடிபடாத கோடுகள்

ஸ்கேனரும் கலர் பிரிண்டரும் இருந்தால் எந்தக் காகிதத்தையும் அப்படியே நகல் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறீர்களா? பழைய டிராவலர்ஸ் செக்கிடம் அது பலிக்காது. ஏன் என்று பார்ப்போம்.

அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் தலைவர் ஜே.சி. ஃபார்கோ ஐரோப்பாவில் பயணம் செய்தபோது, கையில் வங்கிக் கடிதம் இருந்தும் சிறு ஊர்களில் பணம் பெறச் சிரமப்பட்டார். அவர் சொன்னதன் பேரில் அந்நிறுவன ஊழியர் மார்செல்லஸ் பெர்ரி 1891இல் ஒரு வழி கண்டுபிடித்தார். செக்கை வாங்கும்போது ஒரு கையெழுத்து; பணமாக்கும்போது அதே செக்கில் காசாளர் கண்ணெதிரே இன்னொரு கையெழுத்து. இரண்டும் ஒத்திருந்தால்தான் பணம். திருடியவனுக்குச் செக் கிடைக்கும், கையெழுத்து கிடைக்காது.

கள்ள அச்சைத் தடுப்பது எப்படி?

செக்கின் ஓரங்களிலும் பின்னணியிலும் ரங்கோலி போல் பின்னிக் கிடக்கும் மெல்லிய கோடுகளுக்கு 'கியோஷ்' என்று பெயர். பல்சக்கரங்கள் கொண்ட இயந்திரத்தால் இவை உலோகத்தில் வரையப்பட்டன. கோடு எங்கும் அறுபடாது.

ஸ்கேனரோ படத்தைக் கட்டம் கட்டமாகப் புள்ளிகளாக்கிப் படிக்கிறது. நெருக்கமான கோடுகள் அந்தக் கட்டங்களோடு மோதும்போது அலை அலையான வேண்டாத உருவங்கள் தோன்றும். இன்க்ஜெட் பிரிண்டரும் புள்ளி வைத்தே அச்சிடுவதால் கோடு மேலும் உடையும்.

அடுத்தது 'இன்டாக்லியோ' அச்சு. உலோகத் தகட்டில் செதுக்கிய பள்ளங்களில் மை நிரப்பி, காகிதத்தைப் பெரும் அழுத்தத்தில் அமுக்குவார்கள். மை மேடாக எழும்பி நிற்கும். நம் 500 ரூபாய் நோட்டில் காந்தி படத்தை விரலால் தடவிப் பாருங்கள், புரியும். பிரிண்டர் நகலில் இந்த மேடு வராது.

பீரோவில் பழைய செக் இருக்கிறதா?

கார்டும் ஏ.டி.எம்.மும் வந்தபின் இவற்றின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் செக்குகளுக்குக் காலாவதித் தேதி கிடையாது. எனவே தாத்தாவின் செக் கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். இரண்டாம் கையெழுத்து இடத்தில் எதுவும் எழுதிவிடாமல், முதலில் நிறுவனத்திடம் விசாரியுங்கள்.

ஒவ்வொரு செக்கிலும் வரிசை எண் உண்டு. அந்த எண்களைத் தனியாகக் குறித்து வைத்திருந்தவர், செக் தொலைந்தாலும் பணத்தைத் திரும்பப் பெற முடிந்தது. செக்கும் குறிப்பும் ஒரே பையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். உங்கள் ஃபைல்களின் பேக்அப்புக்கும் இதே விதிதான். அதை அதே ஹார்டு டிஸ்க்கில் வைக்காதீர்கள்.