உங்களுக்குத் தெரியுமா? பதவியை முந்திய பழக்கங்கள்!

12 ஆண்டுகள் சிங்கப்பூர் அதிபராக இருந்தவர் எஸ்.ஆர். நாதன். 2016 ஆகஸ்ட் 26இல் அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு. பிரதமரும் அமைச்சர்களும் அமர்ந்திருந்த அந்த அரங்கில் ஒலித்தது எந்தப் பாட்டு தெரியுமா? ‘பொற்காலம்’ படத்தில் வரும் ‘தஞ்சாவூரு மண்ணு எடுத்து’! ஆமாம், தேவா இசையமைத்த அதே பொம்மைப் பாட்டுதான்! அவர் ஆசையாகக் கேட்ட பாட்டாம். அன்று தமிழே தெரியாதவர்களும் கேட்டார்கள்!

முதல் பிரதமர் லீ குவான் யூ என்றால் அலுவல் தாள்கள் சுமந்த சிவப்புப் பெட்டி! அகலம் வெறும் 14 சென்டிமீட்டர். காலையில் அவர் வருவதற்கு முன்பே பெட்டி அலுவலகம் வந்துவிடும்! 2015 பிப்ரவரி 5இல் மருத்துவமனையில் சேர்ந்தார். அதற்கு முந்தைய நாள்கூடப் பெட்டி ‘டியூட்டி’க்கு வந்திருக்கிறது!

மரம் நடுவதிலும் மனிதர் விடவில்லை. முதல் மரம் 1963இல். 2014இலும் கையில் மண்வெட்டி! அப்போது வயது 91!

அதே இரும்பு மனிதர் இரவில் என்ன செய்தார் தெரியுமா? 2008இல் பக்கவாதத்தால் படுத்துவிட்ட மனைவிக்குக் கவிதை வாசித்தார்! ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, 2 ஆண்டுகளுக்கும் மேல்!

முதலமைச்சருக்கு அலுவலகம் எங்கே? படிக்கட்டுக்கு அடியில்! 1955இல் டேவிட் மார்ஷலுக்குக் கிடைத்தது அந்தப் பொந்துதான். மக்களை நேரில் சந்தித்துக் குறை கேட்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவரும் அவரே. பதவியில் இருந்தது ஏறக்குறைய 14 மாதம். ‘மக்கள் சந்திப்பு’ இன்றைக்கும் நடக்கிறது!

தேசியப் பற்றுறுதியை எழுதிய எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர். எதிரணியில் நின்ற ஜே.பி. ஜெயரத்தினம் பிறந்தது சங்கானையில். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்! (இதைக் கண்டுபிடித்ததற்கே எனக்கு ஒரு தே தாரிக் வாங்கித் தரலாம்!) ஒருவர் எழுதியதைப் பள்ளிப் பிள்ளைகள் அன்றாடம் ஒப்பிக்கிறார்கள். இன்னொருவர் தம் புத்தகத்தைத் தாமே தெருவில் நின்று விற்றார்! அவருடைய அந்த அடர்ந்த கிருதாவை மறந்தவர் உண்டா?

தேக்கா பக்கம் போனால் வீரமாகாளியம்மன் கோயிலருகே பெலிலியோஸ் சாலையைப் பாருங்கள். அது யார் பெயர்? ஒரு யூத மாட்டு வியாபாரியுடையது! மாடுகள் போய் எத்தனையோ காலம் ஆயிற்று. பெயர்ப்பலகை மட்டும் நகரவில்லை!

1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ இதழ் என்ன விலை? 1 காசு! பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக அவர் கேட்டது? ஆளுக்கு 1 வெள்ளி! சின்னச் சின்னதாகக் கேட்டே பெரிய மனிதரானவர்!

69 வயதில் யோகா கற்க ஆரம்பித்தவர் தெரேசா சூ. முதியோர் இல்லம் நடத்திய அவர், 100ஐத் தாண்டியும் மற்றவர்களுக்கு யோகா சொல்லிக்கொடுத்தார். 2011இல் மறைந்தபோது வயது 113!

மனிதர்கள்தானா? விலங்குத் தோட்டத்து ஓராங் ஊத்தான் ஆ மெங், 1982 முதல் விருந்தினர்களுடன் சேர்ந்து காலைப் பசியாறியது! 2008 பிப்ரவரியில் அது இறந்தபோது அஞ்சலி செலுத்த வந்தவர்கள் 4,000 பேர்!