கொத்துக் கலப்பையும் ஊடுழவும்

விதை விதைத்தவுடன் உழவு வேலை முடிந்துவிட்டதென்று குடியானவர் பலர் எண்ணுகின்றனர். பயிர் வளருங் காலத்தும் வரிசைகளுக்கிடையே மண்ணைக் கிளறிவிடுதல் அவசியமாகும். இதுவே ஊடுழவு எனப்படும். கலப்பை நிலத்தைப் பிளந்து ஆழமாய் உழும். கொத்துக் கலப்பையோ, பல கொத்துக்களால் மேல்மண்ணைக் கிளறிக் கட்டிகளை உடைத்துக் களைகளை வேரறுக்கும். கரிசல் நிலத்துப் பலுகுக் கட்டையும், தோட்டத்துக் களைக்கொட்டும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே.

ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்யின், அது ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் நீராகும். மேல்மண் இறுகிக் கிடப்பின் அந்நீரில் பெரும்பங்கு வழிந்தோடி, நல்ல மண்ணையும் கொண்டுபோகும். சரிவுக்குக் குறுக்கே கிளறப்பட்ட நிலம் நீரை உள்ளே வாங்கிக்கொள்ளும். வாங்கிய நீரைக் களைகள் குடித்துவிடாமற் காப்பதும், கரிசலில் வெடிப்புக்களை மூடி ஈரங்காப்பதும் ஊடுழவின் மற்றைப் பயன்களாம். இங்கிலாந்து தேசத்து ஜெத்ரோ டல் என்பவர், 1733-ம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில், வரிசையாய் விதைத்து இடையே கிளறும் முறையை வற்புறுத்தினார். பொடிமண்ணையே பயிர் உண்ணுகிறதென்று அவர் கூறிய காரணம் தவறென்று பின்னர் விளங்கிற்று; அவர் காட்டிய முறையோ நிலைத்துவிட்டது.

ஈரப்பதமறிந்து கருவியை இறக்கவேண்டும். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் தட்டினால் உதிருமாயின் அதுவே பதம். ஈரம் மிகுந்த களிமண்ணைக் கிளறினால், அது காய்ந்தபின் செங்கல்லைப்போல் இறுகிவிடும். பயிர் வளர வளர ஆழத்தைக் குறைத்து, வேர் அறாதபடி இரண்டங்குலத்துக்குள் நிறுத்தல் நலம். நிலக்கடலையில் விழுது மண்ணில் இறங்கத் தொடங்கியபின் ஊடுழவு கூடாது. கோரையும் அருகும் மண்டிய நிலத்தில் கருவியை ஓட்டினால், அறுபட்ட துண்டுகளே புதிதாய் முளைத்துப் பெருகும்; அவற்றைக் கோடையிற் பெயர்த்துப் பொறுக்கி உலர்த்துவதே பரிகாரம். டிராக்டரில் மாட்டும் ஒன்பது கொத்துக் கலப்பையாயினும், ரோட்டவேட்டராயினும், எப்போதும் ஒரே ஆழத்தில் ஓட்டிவந்தால் அடியில் கெட்டித்தட்டு உண்டாகி வேரையும் நீரையும் தடுக்கும்.

சங்கத்தின் பொதுக்கருவியில் எழும் வழக்கு ஒன்றுண்டு. மழை நின்ற மறுநாளே அங்கத்தினர் அனைவரும் அதனைக் கேட்பர். பெயர் வரிசைப்படியே கொடுத்தால், ஒருவருக்கு மண் சேறாயிருக்கும்போது முறை வரும். மற்றொருவருக்குக் காய்ந்தபின் வரும். இருவருக்கும் வாடகை செலவாகுமேயன்றி வேலை பயன்படாது. மணற்பாங்கான செந்நிலம் முன்னர்ப் பதத்துக்கு வரும். களியும் கரிசலும் பின்னர் வரும். ஆதலின் அங்கத்தினரின் நிலங்களை மண்வகைப்படி பதிவேட்டில் எழுதிவைத்து, செந்நிலத்திலிருந்து கரிசலுக்குக் கருவி செல்லுமாறு முறை வகுத்தால் பிணக்குக் குறையும். ஒரே வகை நிலமுடையோருக்குள் சீட்டெடுத்துத் தீர்மானிக்கலாம். கருவியைத் திருப்பித் தருபவர் மண்ணைக் கழுவி, கொத்துக்களுக்கு எண்ணெய் தடவி, தேய்ந்ததையும் தளர்ந்ததையும் அறிவித்தல் வேண்டும். அடுத்தவருக்கு வாய்க்கும் பதம் ஓரிரு நாளே நிற்கும். பழுதுபார்ப்பதில் அந்நாள் கழிந்துவிடலாகாது.