போட் மெயில் போன பாதையில் ஒரு நாள்: திருச்செந்தூரோடு திரும்பி விடாதீர்கள்!

திருமங்கலம்-

திருச்செந்தூர் கிளம்புகிற நம்ம ஊர்க்காரர்களில் பாதிப் பேர் தூத்துக்குடியை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். கடலில் முங்கியாச்சு, முருகனைக் கும்பிட்டாச்சு, கருப்பட்டி வாங்கியாச்சு, வீடு வந்தாச்சு!

நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு நாள் லீவு கிடைத்தது. "தூத்துக்குடியில இறங்கிப் பாரு தம்பி. இந்தத் தண்டவாளம் ஒரு காலத்துல கப்பல்ல போய் முடிஞ்ச தண்டவாளம்" என்றார் ஸ்டேஷன் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி.

அவர் சொன்னது நிஜம். மதுரையில் இருந்து நம்ம ஊர் வழியாக தூத்துக்குடிக்கு ரெயில் ஓடத் தொடங்கியது 1876-ல். சென்னையில் ஏறியவர் தூத்துக்குடியில் இறங்கி, கப்பல் மாறி கொழும்பு போவார். அதுதான் 'போட் மெயில்'. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் அந்த வண்டி தனுஷ்கோடிப் பக்கம் திரும்பி விட்டது.

25 ரூபாய் பங்கு

போகிற வழியில் மணியாச்சி வந்தால் எட்டிப் பாருங்கள். 1911 ஜூன் 17-ந் தேதி கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்ட ஸ்டேஷன். இப்போது பெயரே வாஞ்சி மணியாச்சி. தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்தபோது வ.உ.சி.யின் கப்பல் கம்பெனிக்குக் குடைச்சல் கொடுத்தவர் இந்த ஆஷ்.

அந்தக் கம்பெனி 1906-ல் பதிவானது. மூலதனம் 10 லட்சம். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40 ஆயிரம் பங்கு. தலைவர் யார் தெரியுமா? மதுரையில் தமிழ்ச்சங்கம் கண்ட பாண்டித்துரை தேவர்! வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. அப்புறம் ஓசிப் பயணம். அதோடு ஒரு குடையும் இனாம் என்று சொல்வார்கள். 1908-ல் வ.உ.சி.யைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். செக்கு இழுத்தார். 1912 கடைசியில் வெளியே வந்தபோது கம்பெனியே இல்லை. 1936-ல் இதே தூத்துக்குடியில் காலமானார்.

பெரிய துறைமுகத்துக்குள் அனுமதி இல்லாமல் போக முடியாது. பீச் ரோட்டில் பழைய துறைமுகம் பக்கம் போங்கள். மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டு போகும் தோணிகள் இருக்கும்.

2011-ல் பெரிய துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயரைச் சூட்டினார்கள். அதே ஆண்டு ஜூனில் கொழும்புக்குப் பயணிகள் கப்பலும் விட்டார்கள். சில மாதத்திலேயே அது நின்று போனது. பெயர் இருக்கிறது, ஆள் ஏறத்தான் கப்பல் இல்லை!

தங்கத் தேர்

பனிமய மாதா கோவிலும் பீச் ரோடு அருகேதான். மாதா சொரூபம் 1555-ல் மணிலாவில் இருந்து கப்பலில் வந்தது என்று சொல்வார்கள். 1982-ல் பசிலிக்கா அந்தஸ்து கிடைத்தது. ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்டு 5-ல் முடியும் திருவிழாவுக்கு எள் போட இடம் இருக்காது. 1806-ல் பரதவர் தலைவர் செய்து கொடுத்த தங்கத் தேரை வருஷா வருஷம் இழுப்பதில்லை. கடைசியாக ஓடியது 2023-ல்.

அங்கிருந்து திருச்செந்தூர் சுமார் 40 கிலோ மீட்டர், பஸ்தான். 1648-ல் டச்சுக்காரர்கள் கோவிலைப் பிடித்து விக்கிரகங்களைத் தூக்கிப் போனார்கள். அவை கடலுக்குள் போக, 1653-ல் வடமலையப்ப பிள்ளை மீட்டார் என்பது கோவில் வரலாறு. உப்புக் கடலை ஒட்டி நல்ல தண்ணீர் சுரக்கும் நாழிக்கிணறைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை! கடல் அரிப்பால் கோவில் முன்பு கரை பள்ளமாகி, தண்ணீருக்குள் பாறை கிடக்கிறது. அலை தள்ளி, காலை ஒடித்துக் கொண்டவர்கள் உண்டு. இடுப்பளவு தண்ணீருக்கு மேல் போகாதீர்கள். வயசானவர்களைத் தனியே விடாதீர்கள். நகை, பர்ஸ் காவலுக்குக் கரையில் ஒரு ஆள் கட்டாயம்.

நம்ம ஸ்டேஷனில் எல்லா வண்டியும் நிற்காது. விசாரித்துக் கிளம்புங்கள்.

மக்ரூன் வாங்காமல் வந்தால் வீட்டில் திட்டு நிச்சயம். முந்திரியோடு முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்ந்தது அது. விரதக்காரர்கள் சாமி கும்பிட்டுத் திரும்பும்போது வாங்கலாம். பையில் மேலாக வையுங்கள். அடியில் வைத்த என் பொட்டலம் திருமங்கலம் வந்தபோது வெறும் மாவு!