ஓட ஓடக் குளிரும் இன்ஜின்

பெட்ரோல் இன்ஜின் ஓட ஓடச் சூடாகும். காற்று இன்ஜின் ஓட ஓடக் குளிரும். அழுத்திய காற்றில் ஓடுகிற சின்ன இன்ஜின் ஒன்றைச் செய்து சில நிமிடம் விடாமல் ஓட்டி, காற்று வெளியேறும் துளையருகே விரலை வைத்தால் சில்லென்று இருக்கும். மழைக்காலத்து ஈரக்காற்றாக இருந்தால் பித்தளையின் மேல் நீர் கோத்து நிற்கும். பெரிய இன்ஜின்களில் அதுவே உறைந்து துளையை அடைத்துவிடும். நூற்றைம்பது ஆண்டுகளாகக் காற்று இன்ஜின் செய்தவர்கள் போராடியது பெரும்பாலும் இந்தக் குளிரோடுதான். இது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், காற்று இன்ஜினால் என்ன முடியும், என்ன முடியாது என்பதும் தெரிந்துவிடும்.

சைக்கிள் பம்பை வேகமாக அடித்துவிட்டு அதன் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். 30 டிகிரியில் இருக்கும் காற்றை, சூடு வெளியே போகாதபடி, ஆறு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால் அது சுமார் 230 டிகிரி செல்சியஸுக்குப் போகும் என்கிறது கணக்கு. நிஜத்தில் அந்தச் சூட்டைப் பம்பும் டியூபும் காற்றை அடைக்கும் சோடா பாட்டிலும் உறிஞ்சிக்கொண்டு அறைக்குள் விட்டுவிடுகின்றன. பாட்டிலில் அடைத்த காற்று ஆறி, பழைய வெப்பநிலைக்கே வந்துவிடுகிறது. அப்போது அந்தக் காற்றின் மூலக்கூறுகளிடம் இருக்கும் ஆற்றல், பம்ப் அடிப்பதற்கு முன் இருந்த அளவுதான். நாம் வியர்க்க வியர்க்க அடித்ததெல்லாம் சூடாக அறைக்குள் போய்விட்டது.

அப்படியானால் பிஸ்டனைத் தள்ளுவது எது? காற்று தன் சொந்தச் சூட்டைச் செலவழித்துத்தான் விரிகிறது. அதனால்தான் குளிர்கிறது. குளிர்ந்ததும் சுற்றுப்புறத்திலிருந்து சூடு உள்ளே வருகிறது. அந்தச் சூடும் தள்ளுவதில் சேர்ந்துகொள்கிறது. ஆக, காற்று இன்ஜின் உண்மையில் அறையின் வெப்பத்தில் ஓடும் இயந்திரம். அழுத்தம் என்பது அந்த வெப்பத்தை வேலையாக மாற்றுவதற்கு நாம் முன்கூட்டியே கட்டி வைத்த வாய்ப்பு.

வீட்டில் செய்ய மிக எளியது ஆடும் சிலிண்டர் இன்ஜின். இதில் தனியாக வால்வு கிடையாது, சிலிண்டரே வால்வாக வேலை செய்யும். பித்தளைச் சிலிண்டரின் ஒரு பக்கத்தைத் தட்டையாக்கி, மேல்முனையருகே ஒரு சிறு துளை போடுகிறோம். நடுவில் ஒரு அச்சாணி. அதைப் பற்றிக்கொண்டு சிலிண்டர் ஒரு தட்டையான தகட்டின் மேல் இடவலமாக ஆடும். தகட்டில் இரண்டு துளைகள். ஒன்று காற்று வரும் வழி, மற்றது போகும் வழி. கிராங்க் சுற்றும்போது சிலிண்டர் ஒரு பக்கம் சாய்ந்தால் அதன் துளை வரும் வழியோடு பொருந்தும், மறுபக்கம் சாய்ந்தால் போகும் வழியோடு பொருந்தும். பிஸ்டன் உச்சியிலும் அடியிலும் நிற்கிற கணத்தில் அந்தத் துளை இரண்டுக்கும் நடுவே மூடிக் கிடக்க வேண்டும்.

எல்லாச் சிக்கலும் இந்த 'நடுவே'யில்தான். துளை அரை மில்லிமீட்டர் பெரிதாகிவிட்டால் இரண்டு வழிகளும் ஒன்றாகத் திறந்து, காற்று பிஸ்டனைத் தொடாமலே சீறிக்கொண்டு வெளியே போகும். சிறிதாகிவிட்டால் இன்ஜின் மூச்சுத் திணறும். சிலிண்டரைத் தகட்டோடு அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங் இறுகினால் உராய்வு, தளர்ந்தால் கசிவு. தகட்டையும் சிலிண்டர் முகத்தையும் கண்ணாடிச் சில்லின் மேல் வைத்த நைசான எமரி ஷீட்டில் பொறுமையாகத் தேய்த்துச் சமமாக்குவதுதான் இதற்கு ஒரே வழி. எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கப் பஞ்சர் கடைக்காரர் செய்வதையே செய்யலாம்: சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

10 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் மீது 2 பார் அழுத்தம் சுமார் ஒன்றரைக் கிலோ எடையின் விசையைத் தரும். ஒரு பிளைவீலைச் சுழற்ற அது தாராளம். விரலால் ஒரு சுண்டு சுண்டினால் பிடித்துக்கொள்ளும். விரலாலேயே நிறுத்தவும் முடியும். தீ இல்லை, புகை இல்லை. வால்வின் நேரம் சற்றே பிசகினால் என்ன ஆகிறது என்பதைக் கண்ணெதிரே பார்க்க முடிகிறது. இன்ஜின் என்றால் என்ன என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

ஆனால் எவ்வளவு ஆற்றல் அதில் இருக்கிறது? இரண்டு லிட்டர் சோடா பாட்டிலில் 5 பார் வரை காற்றை அடைப்பதாகக் கணக்குக்கு வைத்துக்கொண்டால், ஒரு பொட்டுக் கூட வீணாகாமல் கறந்தாலும் கிடைப்பது 1,150 ஜூல் அளவுதான். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை இரண்டாம் மாடிக்கு ஏற்ற அது போதும். பெட்ரோலில் அதே ஆற்றல் ஓரிரு சொட்டில் அடங்கிவிடும். இந்த ஒப்பீடு மனதில் இருந்தால் பின்னால் வரும் கார்க் கதைகளை எடைபோடுவது எளிது.

ஆடும் சிலிண்டருக்கு இன்னொரு குறை. பிஸ்டன் கீழே போகும் வழி நெடுக அது காற்றை வாங்கிக்கொண்டே இருக்கும். கடைசியில் அழுத்தம் குறையாத காற்றை அப்படியே வெளியே தள்ளிவிடும். சின்ன மாடல் விமானங்களின் காற்று இன்ஜின்களும் கார்பன் டை ஆக்சைடு இன்ஜின்களும் இதை அழகாகத் தீர்த்தன. சிலிண்டரின் தலையில் ஒரு சிறு எஃகுக் குண்டு, சைக்கிள் கடையில் கிடைக்கிற பால்ரஸ் குண்டு போன்றது, காற்றுத் துளையை அடைத்தபடி உட்கார்ந்திருக்கும். பிஸ்டனின் தலையில் ஒரு சிறு முள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது முள் குண்டை நெம்பிவிடும், ஒரு வாய் காற்று உள்ளே பாயும். பிஸ்டன் இறங்கியதும் குண்டு மூடிக்கொள்ளும். மீதி தூரத்துக்கு உள்ளே மாட்டிய காற்று தானே விரிந்து தள்ள வேண்டும். 5 பாரில் கால்வாசித் தூரத்தோடு காற்றை நிறுத்தினால், அதே காற்றில் ஒன்றரை மடங்குக்கு மேல் வேலை கிடைக்கும். விரியும்போது வெளிச்சூடு தாராளமாகக் கிடைத்தால் அது இரண்டு மடங்காகும். இந்த வித்தியாசத்தில்தான் காற்று இன்ஜினின் வரலாறே இருக்கிறது.

பிரான்சின் நாந்த் நகரில் 1879 முதல் 1917 வரை அழுத்திய காற்றில் டிராம் வண்டிகள் ஓடின. வடிவமைத்தவர் லூயி மெகார்ஸ்கி. தொட்டிக் காற்றை நேராக சிலிண்டருக்கு அனுப்பாமல், கொதிநிலைக்கு மேல் சூடாக்கி அழுத்தத்தில் வைத்த வெந்நீர் வழியாகக் குமிழிகளாக விட்டார். காற்று சூடேறியதோடு நீராவியையும் சேர்த்துக்கொண்டு போனது. சிலிண்டரில் விரிந்து குளிரும்போது அந்த நீராவி தன் வெப்பத்தைக் கொடுத்து, உறையாமல் காத்தது. அமெரிக்காவில் சுரங்கங்களுக்கு ரயில் இன்ஜின் செய்த பிட்ஸ்பர்க் நகரின் எச்.கே. போர்ட்டர் நிறுவனம் இன்னும் எளிய வழியைப் பிடித்தது. மீத்தேன் தேங்குகிற சுரங்கத்தில் ஒரு பொறி போதும் எல்லாம் முடிந்துவிட, அதனால் அங்கே நெருப்பு கூடாது. எனவே காற்றை முதல் சிலிண்டரில் பாதி விரிய விட்டு, குளிர்ந்த அதை ஒரு குழாய்க் கற்றை வழியாக அனுப்பினார்கள். இன்ஜினின் வெளியேற்றமே சுரங்கத்துக் காற்றை அந்தக் குழாய்களின் மேல் இழுத்து ஓட்டும். வெறும் சுற்றுப்புறச் சூட்டில் மறுபடி வெதுவெதுப்பான காற்று, இரண்டாவது பெரிய சிலிண்டரில் மீண்டும் வேலை செய்யும். நிலக்கரி இல்லாமல் கிடைத்த வெப்பம் அது. மிக நேர்த்தியான பொறியியல் என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

நம் ஊரில் காற்றுக் கார் என்றதும் நினைவுக்கு வருவது 2007-ல் பிரான்சின் எம்.டி.ஐ. நிறுவனத்தோடு டாடா மோட்டார்ஸ் செய்துகொண்ட ஒப்பந்தம். அந்தக் கார் விற்பனைக்கு வரவில்லை. காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். 300 லிட்டர் தொட்டியில் 300 பார் அழுத்தத்தில் காற்றை நிரப்பினாலும் அதிலுள்ள ஆற்றல் இரண்டு லிட்டர் பெட்ரோலின் வெப்ப ஆற்றலை எட்டாது. ஓடும் சக்கரத்தாலேயே கம்ப்ரஸரைச் சுற்றித் தொட்டியைத் திரும்ப நிரப்பிக்கொள்ளும் கார் என்று அவ்வப்போது வீடியோக்கள் வருகின்றன. அது நடக்காது. பம்பிலும் இன்ஜினிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் சூடாக ஒரு பங்கு கழிந்துகொண்டே இருக்கும். ஆர்வமுள்ள பிள்ளைகளின் உழைப்பையும் காசையும் இந்தப் பொய் தின்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

காற்றில் ஓட வைக்க விரும்புகிறவர்களுக்கு நேர்மையான வேலை நிறைய இருக்கிறது. 2013-ல் ருமேனிய இளைஞர் ராவுல் ஒய்டா, லெகோ துண்டுகளால் ஆள் உட்கார்ந்து ஓட்டும் காரையே செய்தார். இன்ஜினும் லெகோதான், 256 பிஸ்டன்கள். நம் பொறியியல் கல்லூரிகளில் பழைய டூவீலர் இன்ஜினைக் காற்றுக்கு மாற்றுவது இறுதியாண்டு புராஜெக்ட்டாக அடிக்கடி வரும். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால் ஸ்பார்க் பிளக் துளை வழியே, பிஸ்டன் உச்சியைத் தாண்டும் நேரம் பார்த்துக் காற்றை விட்டால் போதும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கேம்ஷாப்டையே திருத்த வேண்டும். அங்கே அழுத்தவும் எரிக்கவும் ஒதுக்கிய சுற்று காற்றுக்குத் தேவையில்லை.

தொட்டி விஷயத்தில் மட்டும் துளியும் விளையாடக் கூடாது. தண்ணீர்க் குழாயாக விற்கும் பி.வி.சி.யில் காற்றை அடைக்கவே கூடாது. வெடித்தால் கத்திச் சில்லுகளாகச் சிதறும். பழைய கேஸ் சிலிண்டரும் வேண்டாம். சோடா பாட்டிலானால் கீறல் இல்லாத புதியது, 4 பாருக்குள், கண்ணாடி அணிந்து, தள்ளி நின்று. அதற்கு மேல் என்றால் காற்றுக்கென்றே செய்து, சேஃப்டி வால்வு பொருத்திய டாங்க்.

ஒரு சிலிண்டர் ஓடிவிட்டால் அடுத்தது போர்ட்டர் வழி. முதல் சிலிண்டரின் வெளியேற்றத்தை ஏசி மெக்கானிக்கிடம் கிடைக்கும் மெல்லிய செப்புக் குழாயில் சுருளாக்கி, ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, சற்றே பெரிய இரண்டாவது சிலிண்டருக்குக் கொடுங்கள். முதலில் வாளியில் குழாய்த் தண்ணீர் வைத்து, ஒரு பாட்டில் காற்றில் பிளைவீல் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். பிறகு வெந்நீர் ஊற்றி, அதே அழுத்தத்தில் நிரப்பிய பாட்டிலோடு மறுபடி எண்ணுங்கள்.