பிள்ளைகளோடு 'அதிசயம்' பார்க்கப் போகிறீர்களா?

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டாயிற்று. கன்னிவாடியில் ஒரு வீடு.

"அப்பா, 'அதிசயம்' போகலாம்ப்பா!" என்கிறான் 7 வயது மகன்.

"நானும்! நானும்!" என்று குதிக்கிறாள் 4 வயதுத் தங்கை. அந்த இடம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அண்ணன் போகிற இடத்துக்குத் தானும் போக வேண்டும். அவ்வளவுதான்!

அப்பா கணக்குப் போடுகிறார். அம்மா புளிச்சோறு கட்டலாமா என்று யோசிக்கிறாள். "இந்த வெயில்ல சின்னதைத் தூக்கிக்கிட்டு அலையணுமா?" என்று கேட்கிறாள் அப்பத்தா. ஆனால், முதலில் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்பவளும் அவள்தான்!

இது ஒரு வீட்டில் மட்டும் கேட்கும் பேச்சு அல்ல. கோடை வந்தால், கொடைக்கானல் மலையடிவாரத்து ஊர்களில் எல்லாம் கேட்கும் பேச்சு.

'அதிசயம்' என்பது மதுரையை அடுத்த பரவையில் இருக்கும் பொழுதுபோக்குப் பூங்கா. கன்னிவாடிக்காரர்கள் திண்டுக்கல் வந்து மதுரை பஸ் பிடிக்க வேண்டும். கொடைரோடு, வாடிப்பட்டி, சமயநல்லூர் தாண்டினால் பரவை. பஸ் அங்கே நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டு ஏறுவது நல்லது. போக வர ஏறக்குறைய 4 மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும்.

ராட்டினம் நம் ஊருக்குப் புதிதல்ல. திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் கோவில் மாசித் திருவிழாவிலும், மதுரைச் சித்திரைப் பொருட்காட்சியிலும் பார்த்ததுதான். அங்கே குழந்தை ஒரு சுற்று சுற்றும். பஞ்சு மிட்டாய் தின்னும். தூக்கம் வந்தால் அப்பாவின் தோளில் சாய்ந்துவிடும்.

பூங்காவில் கதையே வேறு. வாசலிலேயே மொத்தமாகப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். உள்ளே போனதும் மனதில் ஓர் எண்ணம் புகுந்துகொள்கிறது. "கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்!"

இந்த எண்ணம்தான் எதிரி. குழந்தைக்காகப் போகிறோம்; போன இடத்தில் குழந்தையை மறந்துவிடுகிறோம்!

கடலை கொறித்த அப்பா

இப்படிப்பட்ட பூங்கா எப்படிப் பிறந்தது தெரியுமா? அதுவும் ஒரு தகப்பனார் கதைதான்.

அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி என்று ஒருவர் இருந்தார். மிக்கி எலியைப் படைத்தவர். அவருக்கு இரண்டு பெண்கள். விடுமுறை நாட்களில் அவர்களை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கிரிஃபித் பூங்காவுக்கு அழைத்துப் போவார். பெண்கள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருப்பார்.

"பிள்ளைகள் மட்டும் விளையாடுகிறார்கள். பெற்றோர் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். இருவரும் சேர்ந்து சந்தோஷப்பட ஓர் இடம் இருந்தால் என்ன?" என்ற யோசனை அங்கேதான் பிறந்ததாம். பிற்காலத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

1955 ஜூலை 17 அன்று 'டிஸ்னிலேண்ட்' திறக்கப்பட்டது. அன்று நடந்தது என்ன? பெரிய தள்ளுமுள்ளு!

கள்ள டிக்கெட் அச்சடித்தவர்கள் புகுந்துவிட்டார்கள். எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக, சுமார் 28,000 பேர் திரண்டுவிட்டார்கள். சுட்டெரிக்கும் வெயில். குழாய் வேலைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்ததால், குடிதண்ணீர்க் குழாய்கள் பலவற்றில் தண்ணீர் வரவில்லை. புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் செருப்புக் குதிகால் அதில் புதைந்தது!

கூட்டம், வெயில், தாகம். 1955-ல் அமெரிக்காவில் குழந்தைகளை வாட்டிய இந்த மூன்றும்தான் இன்று நம் ஊர்ப் பூங்காக்களிலும் வாட்டுகின்றன.

தமிழ்நாட்டில் 1990-களில் இத்தகைய பூங்காக்கள் பரவின. தாம்பரம் அருகே 'கிஷ்கிந்தா' 1995-ல் வந்தது. அதைத் தொடங்கியவர் கேரளத்துப் படத் தயாரிப்பாளர் நவோதயா அப்பச்சன். குழந்தைகள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து மகிழ்ந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற முப்பரிமாணப் படத்தை 1984-ல் எடுத்தவர் அவர்தான். பிறகு மேட்டுப்பாளையம், மதுரை என்று பல ஊர்களுக்கும் பூங்கா வந்துவிட்டது.

கோல் பொய் சொல்லாது

பூங்காவில் பல ராட்டினங்களின் வாசலில் ஓர் அளவுகோல் இருக்கும். குழந்தையின் தலை அந்தக் கோட்டைத் தொட வேண்டும். தொடாவிட்டால் ஏற்றமாட்டார்கள்.

உடனே குழந்தை அழும். "அரை விரற்கடைதானே சார் குறையுது! ஏத்திவிடுங்க" என்று அப்பா கெஞ்சுவார். குதிகாலை உயர்த்தி நிற்கச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் உண்டு!

இது வீம்புக்கு வைத்த விதி அல்ல. இருக்கையின் பெல்ட்டும், மடிமேல் விழும் இரும்புத் தடுப்பும் ஒரு குறிப்பிட்ட உடல் அளவுக்காகச் செய்யப்பட்டவை. சிறிய உடம்பை அவை இறுக்கிப் பிடிக்காது. ராட்டினம் தலைகீழாகத் திரும்பும்போது, அந்த இடைவெளி வழியே குழந்தை நழுவிவிடலாம். அரை விரற்கடை அங்கே உயிர் விஷயம்.

இதற்கு நல்ல வழி உண்டு. முதல் நாளே வீட்டுச் சுவரில் குழந்தையை நிறுத்தி அளந்துகொள்ளுங்கள். எதில் ஏறலாம், எதில் ஏற முடியாது என்பதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். பல பூங்காக்களில் டிக்கெட் கட்டணமும் குழந்தையின் உயரத்தைப் பொறுத்ததே. அதற்கும் இந்த அளவு உதவும்.

இன்னொன்று. சில சமயம் ராட்டினம் நடுவானில் நின்றுவிடுவது உண்டு. 2025 மே மாதத்தில் சென்னையை அடுத்த ஒரு பூங்காவில் அப்படி நடந்தது. உயரத்தில் சிக்கிய 30-க்கும் மேற்பட்டோரைத் தீயணைப்புப் படையினர் பத்திரமாக இறக்கினார்கள். இப்படி நேர்ந்தால் பெல்ட்டைக் கழற்றவே கூடாது. குழந்தையின் கையைப் பிடித்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்.

முழங்கால் தண்ணீர்தானே?

பூங்காவில் குழந்தைகளுக்குக் கொள்ளை ஆசை தண்ணீர்மேல்தான். பெற்றோருக்கு அதிக ஜாக்கிரதை வேண்டியதும் அங்கேதான்.

"முழங்கால் தண்ணீர்தானே, என்ன ஆகிவிடும்?" என்று நினைக்கக் கூடாது. அது பெரியவர்களின் முழங்கால். 4 வயதுக் குழந்தைக்கு இடுப்பளவு! அலைக்குளத்தில் அலை கிளம்பினால், நின்ற குழந்தை விழுந்துவிடும்.

தண்ணீரில் மூழ்கும் குழந்தை கத்தும் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் கத்துவதில்லை. வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது சத்தம் எப்படி வரும்? மூச்சுக்குத் தவிக்கவே நேரம் போதாது. ஓசை இல்லாமல் உள்ளே போய்விடும். சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்படும்.

ஆகையால் சின்னக் குழந்தை எப்போதும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். போன் வந்தால்கூடக் கண்ணை எடுக்கக் கூடாது. இடுப்பில் மாட்டும் காற்று வளையத்தை நம்பிக் குழந்தையை விட்டுவிடக் கூடாது. அது விளையாட்டுச் சாமான், காவலாள் அல்ல.

குடும்பத்தில் நான்கு பேர் கூட இருந்தால் ஆபத்து குறையும் என்று தோன்றும். உண்மையில் கூடிவிடுவதும் உண்டு! 'அவள் பார்த்துக்கொள்வாள்' என்று அவர் நினைப்பார். 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று அவள் நினைப்பாள். "இப்போது என் முறை" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும்.

உடையின் நிறமும் முக்கியம். நீல உடை தண்ணீரோடு தண்ணீராக மறைந்துவிடும். சிவப்பு, ஆரஞ்சு நிற உடைகள் பளிச்சென்று தெரியும்.

கை நழுவினால்?

கூட்டத்தில் குழந்தை தொலைய ஒரு நிமிடம் போதும். டிக்கெட்டை எடுக்கக் கையை விடுகிறோம். திரும்பிப் பார்த்தால், பிள்ளை நின்ற இடத்தில் வேறு யாரோ நிற்கிறார்கள்! பெற்ற வயிறு என்ன பாடுபடும்?

கிளம்பும்போதே சில காரியங்களைச் செய்துவிட்டால் கவலை இல்லை.

அன்று போட்டிருக்கும் உடையோடு குழந்தையைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சட்டை என்ன நிறம் என்பதுகூட மறந்துபோகும்.

பேனாவால் குழந்தையின் முன்கையில் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள். சபரிமலையில் கூட்டத்தில் குழந்தைகள் தொலையாதிருக்க, போலீசார் கையில் பட்டை கட்டிவிடுகிறார்கள். நாமே கட்டிக்கொள்ளும் பட்டைதான் இந்தப் பேனா எழுத்து. தண்ணீரில் இறங்கி ஏறியதும் அழிந்திருக்கும், மறுபடி எழுதுங்கள்.

பேசத் தெரிந்த பிள்ளைக்குப் பெற்றோர் பெயரையும் நம்பரையும் பாட்டுப் போலச் சொல்லிக்கொடுங்கள். "எங்களைக் காணோம் என்றால் ஓடாதே. நின்ற இடத்திலேயே நில். சீருடை போட்ட அக்காவிடமோ, குழந்தையோடு இருக்கிற ஓர் அம்மாவிடமோ சொல்" என்று பழக்குங்கள்.

குழந்தையைக் காணவில்லையா? முதலில் தண்ணீர்ப் பக்கம் பாருங்கள். ஒருவர் தேட, மற்றவர் உடனே பூங்கா ஊழியரிடம் சொல்ல வேண்டும். வெளிவாசலில் கண் வைக்கச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு உதவ 1098 என்ற இலவச நம்பரும் இருக்கிறது. கிடைத்த பிள்ளையை அடிக்காதீர்கள். அது ஏற்கெனவே பயந்து நடுங்கிக்கொண்டிருக்கும்!

வெயிலும் வயிறும்

சித்திரை, வைகாசியில் திண்டுக்கல், மதுரைப் பக்கத்து வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையின் உடம்பு நம்மைவிடச் சீக்கிரம் சூடேறும். விளையாட்டு மும்முரத்தில் தாகம் என்று சொல்லவும் தெரியாது. கேட்காமலே அடிக்கடி தண்ணீர் கொடுங்கள்.

சோர்ந்து போனால் உப்பு சர்க்கரைக் கரைசல் நல்லது. 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டும் தலை தட்டிய அளவு. பல பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். புளிச்சோறு கட்டும் முன் போன் செய்து கேட்டுவிடுவது நல்லது. கைக்குழந்தையின் உணவைப் பற்றியும் கேளுங்கள்.

கூட்டத்தைத் தவிர்க்க ஒரே வழி, ஞாயிற்றுக்கிழமையையும் பண்டிகை நாட்களையும் விட்டு வேறு நாளில் போவது. கதவு திறக்கும் நேரத்திலேயே வாசலில் நிற்பது. எல்லாரும் சாப்பிடப் போகும் வேளையில் வரிசை குறையும். வரிசையில் நிற்கும்போது விடுகதை போடுங்கள். அப்பத்தா இருந்தால் கவலையே இல்லை!

பாதியில் திரும்பினால் என்ன?

மாலை 3 மணி. மகன் இன்னும் இரண்டு சறுக்கு பாக்கி என்கிறான். தங்கையோ சிணுங்க ஆரம்பித்துவிட்டாள். "இவ்வளவு பணம் கட்டிவிட்டு இப்போதே போவதா?" என்று அப்பாவுக்கு மனசில்லை.

இங்கேதான் பெரியவர்கள் பெரியவர்களாக இருக்க வேண்டும். அம்மாவும் மகனும் சறுக்குக்குப் போகட்டும். அப்பா மகளோடு மர நிழலில் ஒரு பெஞ்சில் உட்காரட்டும். அவள் தூங்கினால் தூங்கட்டும். பிறகு எல்லாருமாகக் கிளம்பட்டும். பார்க்காமல் விட்டது அடுத்த வருஷத்துக்கு இருக்கும்.

வீடு திரும்பிய பிறகு அந்தச் சின்னப் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள்: "எதும்மா ரொம்பப் பிடிச்சது?"

ராட்சத ராட்டினம் என்று சொல்லமாட்டாள். "அப்பா நனைஞ்சாரு!" என்பாள். "அப்பத்தா தண்ணியிலே கத்துச்சு!" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

கொடுத்த காசு அந்தச் சிரிப்பிலேயே வந்துவிட்டது!